எண்டோஸ்கோபியில் நிறமாலை ஒளி: திசு எடுக்காமலேயே தெரிந்துவிடுமா?

அம்மாவுக்கு எண்டோஸ்கோபி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஓரிடத்தில் சாதாரணக் கருவி, இன்னோரிடத்தில் "நிறமாலைப் படமாக்கம்" உள்ள கருவி. அதில் திசு எடுக்காமலேயே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று படித்தேன், உண்மையா, சில வாரங்கள் காத்திருந்தாவது அங்கேயே செய்துகொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கருவி உண்மையில் எதைக் காட்டுகிறது என்பது ஒன்று. காட்டியதை நம்பி எந்த அளவுக்கு முடிவெடுக்கலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இயற்பியல் தெளிவான பதில் வைத்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் உணவுக்குழாயில் ஒன்று, இரைப்பையில் ஒன்று, பெருங்குடலில் ஒன்று. நான் இரைப்பை, குடல் மருத்துவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குழாயைப் பிடித்து வருகிறேன். ஒளியை மாற்றும் பொத்தான் வந்த காலத்திலிருந்து அதை அழுத்தியும் வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

வழக்கமாக நாங்கள் பார்ப்பது வெள்ளொளியில். வெள்ளை என்பது எல்லா நிறங்களின் கலவை. அவை எல்லாம் திசுவுக்குள் ஒரே ஆழத்துக்குப் போவதில்லை. சிவப்பு ஆழமாக இறங்கிச் சிதறித் திரும்பும். நீலம் மேல்தோலைத் தாண்டியதுமே நின்றுவிடும். அடுத்து ரத்தம். ஹீமோகுளோபின் எல்லா நிறங்களையும் சமமாக விழுங்குவதில்லை. 415 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே அதன் பசி உச்சத்தில் இருக்கிறது. 540க்கு அருகே இன்னொரு சிறிய உச்சம். ஆக, 415ஐ ஒட்டிய ஊதா கலந்த நீலத்தையும் 540ஐ ஒட்டிய பச்சையையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதி நிறங்களை வடிகட்டிவிட்டால், மேற்பரப்பில் ஓடும் நுண்ணிய ரத்த நாளங்கள் பளிச்சென்று பிரிந்து தெரியும். நிறமாலைப் படமாக்கத்தில் ஒரு வகையான, என்பிஐ எனப்படும் குறும்பட்டை ஒளிமுறை இவ்வளவுதான். ஜப்பானில் ஒலிம்பஸ் நிறுவனப் பொறியாளர்களும் தேசியப் புற்றுநோய் மைய மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கியது. 2005ஐ ஒட்டி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு இதே வேலைக்கு நாங்கள் சாயம் தெளித்துக்கொண்டிருந்தோம். உணவுக்குழாயில் அயோடின், குடலில் இண்டிகோ கார்மின். சாயம் இன்றும் போய்விடவில்லை, ஆனால் அதைக் கரைத்துத் தெளித்துக் காத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் இல்லை.

பொத்தானை அழுத்தியதும் திரையில் நடப்பதைச் சொன்னால் இன்னும் விளங்கும். இளஞ்சிவப்பாக இருந்த சுவர் சட்டென்று சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறுகிறது. மேலே ஓடும் நுண்நாளங்கள் பழுப்பாகவும், அடியில் ஓடும் பெரிய நாளங்கள் நீலப்பச்சையாகவும் தெரிகின்றன. உள்ளே பழுப்பு நிறத்தில் எதுவும் கிடையாது. 415இல் எடுத்த படத்தைத் திரையின் நீல, பச்சைப் பங்குக்கும், 540இல் எடுத்ததைச் சிவப்புப் பங்குக்கும் கருவி ஒதுக்கிவிடுகிறது. நுண்நாளம் 415ஐ விழுங்கிவிட்டால் திரையில் நீலமும் பச்சையும் குறைந்து பழுப்பு மிஞ்சுகிறது. ஆழத்து நாளம் 540ஐ விழுங்கும்போது சிவப்பு குறைந்து நீலப்பச்சை மிஞ்சுகிறது. நிறம் நாங்கள் பூசியது. அதன் பின்னால் இருக்கும் வித்தியாசம் மட்டும் நிஜம். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. மஞ்சள் நிறப் பித்தநீர் நீல ஒளியை விழுங்கும். அதனால் இந்த ஒளியில் பித்தநீர் ரத்தம் போலச் சிவந்து தெரியும். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது ஒரு முறை "ரத்தம் கசிகிறது" என்று பதறியிருப்பார்கள். மலம் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான்.

சரி, ரத்த நாளத்தைப் பார்த்தால் புற்றுநோய் எப்படித் தெரியும்? வளரும் கட்டி தனக்கென்று புது நாளங்களை இழுத்துக்கொள்கிறது. அவை ஒழுங்கின்றி முறுக்கிக்கொண்டு, தடிமன் மாறி மாறி ஓடும். சுரப்பித் துளைகளின் அமைப்பும் குலைந்துபோகும். அந்தக் குலைவைத்தான் நாங்கள் படிக்கிறோம். செல்லை நாங்கள் பார்ப்பதில்லை. மலையில் புகை தெரிந்தால் நெருப்பு இருக்கும் என்று தர்க்க நூல்களில் ஒரு பழைய உதாரணம் உண்டே, அதே உய்த்துணர்தல்தான் இது. பனிமூட்டத்தைப் புகை என்று நினைத்துவிடும் அபாயமும் கூடவே இருக்கிறது. வெறும் அழற்சியிலும், ஆறி வரும் புண்ணிலும் நாளங்கள் பெருகி முறுக்கிக்கொள்ளும்.

இந்த முறை தன் பெயரை உண்மையிலேயே காப்பாற்றியிருப்பது உணவுக்குழாயில்தான். அங்கே உட்சுவரின் தட்டையான செல்களில் தோன்றும் செதிள் செல் புற்று தொடக்க நிலையில் மேடாகவோ புண்ணாகவோ இருக்காது. வெள்ளொளியில் லேசான சிவப்பு, அதுவும் சில நேரம் இருக்காது. ஒளியை மாற்றினால் அதே இடம் பழுப்புத் திட்டாக எழுந்து நிற்கும். ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 320 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், உணவுக்குழாயின் மேலோட்டமான புற்றுகளை வெள்ளொளி 55 சதவீதமும் குறும்பட்டை ஒளி 97 சதவீதமும் கண்டுபிடித்தன. தொண்டைப் பகுதியில் இடைவெளி இன்னும் பெரிது: 8 சதவீதத்துக்கு எதிராக 100. மருத்துவத்தில் இப்படிப்பட்ட எண்களை அடிக்கடி பார்க்க முடியாது. ஒன்றை மட்டும் சேர்த்துப் படியுங்கள்: அந்த 320 பேரும் ஏற்கெனவே உணவுக்குழாய்ப் புற்று உள்ளவர்கள். அவர்களிடம் இரண்டாவது புற்று இருக்கிறதா என்று தேடிய ஆய்வு அது. நெஞ்செரிச்சலுக்காக முதல் முறை வருகிறவரிடம் இதே விகிதத்தை எதிர்பார்க்கக் கூடாது. இருந்தாலும், நீண்ட காலம் புகையும் மதுவும் பழகியவர் என்றால் தொண்டையையும் உணவுக்குழாயையும் இந்த ஒளியில் பார்க்காமல் நான் குழாயை வெளியே எடுப்பதில்லை.

உணவுக்குழாயிலேயே இன்னொரு படி மேலே போகலாம். சுமார் 80 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியில், மேல்தோலுக்குள் ஏறி இறங்கும் நுண்நாள வளையங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. வளையம் வளையமாகவே இருந்து, விரிந்து முறுக்கியிருந்தால் புற்று பெரும்பாலும் மேலடுக்கோடு நிற்கிறது. குழாய் வழியாகவே சீவி எடுத்துவிடலாம். வளையம் அறுந்து கோடுகளாக நீண்டுவிட்டால் கொஞ்சம் ஆழம் போயிருக்கலாம். தடித்த நாளங்கள் வந்துவிட்டால் அறுவை மருத்துவரை அழைக்க வேண்டியதுதான். ஜப்பானிய உணவுக்குழாய்ச் சங்கத்தின் வகைப்பாடு இதைத்தான் மூன்று படிகளாகச் சொல்கிறது. முதல் படியும் மூன்றாம் படியும் நம்பகமானவை. நடுப்படியில் கைதேர்ந்தவர்களும் தவறுகிறார்கள்.

இரைப்பைக்கு வந்தால் என் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். முதல் காரணம் மிகச் சாதாரணமானது: அது பெரிய அறை. வடிகட்டிய ஒளிக்கு வெளிச்சம் குறைவு. தொடக்கக் காலக் கருவிகளில் பொத்தானை அழுத்தினால் இரைப்பை நடுவே இருட்டிவிடும். இப்போதைய கருவிகள் எவ்வளவோ மேல். ஆனாலும் ஜப்பானில் நான்காயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இரண்டாம் தலைமுறைக் கருவியை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஆய்வில், தொடக்கநிலை இரைப்பைப் புற்றைக் கண்டுபிடிக்கும் விகிதத்தில் வெள்ளொளிக்கும் இதற்கும் பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் வரவில்லை. சந்தேகப்பட்ட இடம் உண்மையிலேயே புற்றாக இருந்த விகிதம் மட்டும் கூடியது. இரைப்பையில் இதன் வேலை அதுதான். வெள்ளொளியில் ஏதோ உறுத்துகிறது என்றால் அருகே போய், பெருக்கி, எல்லைக்கோடு இருக்கிறதா, அதற்குள் நாளங்கள் குலைந்திருக்கின்றனவா என்று விசாரிக்கலாம். அறை முழுக்கத் தேடுவதற்கு இது தோதான விளக்கு இல்லை.

இரண்டாவது காரணத்தை நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுவயதுப் பெண்மணி. இரைப்பையில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளிறிய திட்டு, மேடும் இல்லை பள்ளமும் இல்லை. ஒளியை மாற்றிப் பெருக்கிப் பார்த்தேன்; சுரப்பி அமைப்பு ஒழுங்காக இருந்தது, எல்லைக்கோடு இல்லை. பக்கத்தில் நின்ற பயிற்சி மருத்துவரிடம் "பாருங்கள், இதில் பயப்பட ஒன்றும் இல்லை" என்று பாடமே நடத்திவிட்டேன். பிறகு பழக்க தோஷத்தில் ஒரு துணுக்கு எடுத்து அனுப்பினேன். முத்திரை மோதிர செல் புற்று என்று அறிக்கை வந்தது. அந்த வகைப் புற்று, மேல்தோலைத் தொடாமல் அதன் அடியிலேயே பரவக்கூடியது. மேற்பரப்பை மட்டும் காட்டும் ஒளிக்கு அது தெரியாததில் வியப்பில்லை; 415 நானோமீட்டர் அந்த ஆழத்துக்கு இறங்காது என்று பாடப் புத்தகத்தில் படித்தவன்தானே நான். நல்ல வேளை, தொடக்க நிலை. அவர் நலமாக இருக்கிறார். அந்தப் பயிற்சி மருத்துவரை மறுநாள் அழைத்து அறிக்கையைக் கையில் கொடுத்தேன். அதுவும் பாடம்தான்.

பெருங்குடலில் வழக்கு வேறு. இங்கே சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சிகளான பாலிப்புகளைத் தேடுவது ஒரு வேலை. கண்டதை எந்த வகை என்று சொல்வது இன்னொரு வேலை. தேடுவதில் குறும்பட்டை ஒளி வெள்ளொளியைவிடக் கொஞ்சம் மேல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அதுவும் குடல் நன்றாகச் சுத்தமாகி, கருவி புதிய தலைமுறையாக இருந்தால். வகை சொல்வதில் அது நிச்சயம் கெட்டி. சுற்றுப்புறத்தைவிடப் பழுப்பேறி, வெண்ணிற அமைப்புகளைச் சுற்றிப் பழுப்பு நாளங்கள் ஓடினால் அடினோமா, அதாவது பின்னாளில் புற்றாகக்கூடிய பாலிப். சுற்றுப்புற நிறத்திலோ அதைவிட வெளிறியோ இருந்தால் பெரும்பாலும் தீங்கற்ற வகை. அடர்பழுப்பாகி அமைப்பே சிதைந்துவிட்டால் ஆழமாக ஊடுருவிய புற்று என்று சந்தேகிக்க வேண்டும். இந்த நம்பிக்கையில்தான் அமெரிக்க எண்டோஸ்கோபிச் சங்கம் 2011இல் ஒரு வரம்பு வகுத்தது: கடைசிப் பகுதியில் உள்ள மிகச் சிறிய பாலிப்பை "அடினோமா அல்ல" என்று சொல்லி விட்டுவிட வேண்டுமானால், அந்தக் கணிப்பு 90 சதவீதமாவது சரியாக இருக்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் அதைத் தொட்டார்கள். எல்லா இடங்களிலும் எல்லோரும் தொடவில்லை. போதாததற்கு, ரம்பப் பற்கள் போன்ற சுரப்பிகள் கொண்ட தட்டையான புண்கள் சில தீங்கற்றவை போலவே வேடம் போடுகின்றன. அவை பின்னாளில் புற்றாகக்கூடியவை. எனவே பாலிப்பை எடுத்து அனுப்புவதே இன்றும் என் வழக்கம்.

கருவிகளின் பெயர்களில் குழம்ப வேண்டாம். ஃபுஜிஃபில்மின் ஃபைஸ் என்பது வெள்ளொளிப் படத்தையே எடுத்துக்கொண்டு, இந்த அலைநீளத்தில் எடுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவது. பெண்டாக்ஸின் ஐ-ஸ்கேனும் ஏறத்தாழ மென்பொருள் வழிதான். ஃபுஜிஃபில்மின் பிஎல்ஐ என்பது 410 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை நிஜமாகவே பாய்ச்சுவது. அதே நிறுவனத்தின் எல்சிஐ என்பது சிவப்பை இன்னும் சிவப்பாகவும் வெளிறியதை இன்னும் வெளிறியும் காட்டி நிற வேறுபாட்டை இழுத்துவிடுவது; இரைப்பை போன்ற பெரிய அறையிலும் வெளிச்சம் குறையாது. ஜப்பானில் 19 மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வந்த ஆய்வில் எல்சிஐ, வெள்ளொளியைப் போல 1.67 மடங்கு பேரிடம் மேல் செரிமானப் பாதையின் புற்றுக் கட்டிகளைக் கண்டுபிடித்தது. இங்கேயும் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே செரிமானப் பாதைப் புற்று வந்தவர்களே. நீலத்துக்கு நேர்மாறாகச் சிவப்பு, ஆம்பர் ஒளிகளைக் கொண்டு ஆழத்து நாளத்தைக் காட்டும் முறையும் 2020இல் ஒலிம்பஸ் கருவியில் வந்தது. அது நோயைத் தேடுவதற்கில்லை. ரத்தம் குளமாக நிற்கும்போது எந்தப் புள்ளியிலிருந்து பீறிடுகிறது என்று பிடிப்பதற்கு. ஒரு முறை பயன்படுத்தியவர் அதை விடமாட்டார்.

நீங்கள் படித்தது, ஊகிக்கிறேன், இவற்றைப் பற்றி அல்ல. மீநிறமாலைப் படமாக்கம் பற்றியதாக இருக்கலாம். அது அடுத்த வீட்டு விவகாரம். செயற்கைக்கோளிலிருந்து பயிரையும் கனிமத்தையும் வகை பிரிக்க வளர்ந்த நுட்பம். நம் கண்ணும் சாதாரணக் கேமராவும் மூன்று நிறங்களில் உலகைப் பார்க்கின்றன. மீநிறமாலைக் கேமரா ஒவ்வொரு புள்ளியிலும் பத்துக்கணக்கில், சில நேரம் நூற்றுக்கணக்கில் அலைநீளங்களைப் பதிவுசெய்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு, நாளம் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கணக்கிடலாம். கணினிக்குப் பழக்கினால் கட்டியின் எல்லையையும் வரையலாம். மேசையில் வைத்த திசுவில் அழகாக வேலை செய்கிறது. உயிருள்ள குடல் அசையாமல் நிற்காதே! இதயத் துடிப்பு, மூச்சு, குடலின் அலை மூன்றும் சேர்ந்து ஆட்டுகின்றன. இன்றுள்ள சில கருவிகளே சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒட்டுபவை. அவற்றில் தண்ணீர் பீய்ச்சினால் திவலைகள் திரையில் வானவில்லாகச் சிதறும். மூன்று படத்துக்கே அந்தக் கதி என்றால் ஐம்பது படத்தை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதை நினைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நொடிப்பில் பிடிக்கும் உணரிகள் இருக்கின்றன, ஆனால் அவை படத்தின் கூர்மையை விலையாகக் கேட்கின்றன. இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சரக்கு. அம்மாவின் பரிசோதனைக்கு இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த வரிசையில் எனக்குத் தனிப் பிரியம் உள்ள ஒன்று ராமன் நிறமாலை. சர் சி. வி. ராமன் 1928இல் கண்டு, 1930இல் நோபல் பெற்ற அதே விளைவு. திசுவில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஏறத்தாழ கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறித் திரும்புகிறது. அந்தத் துளிக்குள் புரதம், கொழுப்பு, டிஎன்ஏ ஆகியவற்றின் வேதிக் கைரேகை இருக்கிறது. மெல்லிய இழையைக் குழாயின் வழியே செலுத்தித் திசுவைத் தொட்டு, ஒரு விநாடிக்குள் அதைப் படிக்கும் கருவியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் நோயாளிகளிடமே சோதித்திருக்கிறார்கள். நாளத்தை வைத்து ஊகிப்பதைவிட இது ஒரு படி நெருக்கமானது. திசுவின் வேதியியலையே கேட்கிறது. ஆனால் தொட்ட இடத்தை மட்டும்தான் கேட்கும். எங்கே தொடுவது என்று சொல்ல இன்னொரு கண் வேண்டும்.

புதுமை என்றாலே வெற்றி என்று எண்ணிவிடாமல் இருக்க, தன்னொளிர்வு முறையை நினைத்துக்கொள்வேன். நீல ஒளி பட்டால் திசுவைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் தானாகவே மங்கலாக ஒளிரும். தடித்த புற்றுத் திசு அதை மறைக்கும். எனவே புற்று இருக்கும் இடம் நிறம் மாறித் தெரியும். கேட்க அருமையாக இருந்தது. நடைமுறையில் அழற்சி, தழும்பு என்று தடித்த எல்லாமே நிறம் மாறின. பொய் எச்சரிக்கைகளுக்கு நடுவே மெய் எச்சரிக்கை தொலைந்தது. இன்று அந்தப் பொத்தானை யாரும் அழுத்தி நான் பார்ப்பதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு நேராக. திசு எடுக்காமல் முடிவுசெய்ய முடியுமா என்றால், இரைப்பையில் சந்தேகமான இடம் தெரிந்தால் முடியாது, எடுத்தே ஆக வேண்டும். இந்த ஒளியின் பயன், எங்கே எடுப்பது என்று துல்லியமாகக் காட்டி, கண்மூடித்தனமாகப் பல இடங்களில் கிள்ளுவதைக் குறைப்பது. எடுக்கும் துணுக்கு நெல்மணியைவிடச் சிறியது, சளிச்சவ்வுக்கு வலி உணர்வும் இல்லை. அதைத் தவிர்ப்பதற்காகக் கருவி தேட வேண்டாம். காத்திருக்கலாமா என்றால், அம்மாவுக்கு உணவு விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, கறுப்பு மலம், தொடர் வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் கிடைக்கும் முதல் நாளில் செய்யுங்கள். வெள்ளொளியே போதும். அப்படி எதுவும் இல்லை, இரண்டு இடங்களிலும் ஒரே வாரத்தில் நாள் கிடைக்கிறது என்றால் புதிய கருவி உள்ள இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

ஆனால் கருவியின் பெயரைவிட மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு. பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் குழாயை வெளியே இழுக்கும்போது 6 நிமிடமாவது செலவிட்டவர்கள் 28.3 சதவீதம் பேரிடம் பாலிப் வகைக் கட்டிகளைக் கண்டார்கள், அவசரப்பட்டவர்கள் 11.8 சதவீதம் பேரிடம் மட்டுமே கண்டார்கள் என்று 2006இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எந்த விளக்கும் இவ்வளவு வித்தியாசம் தந்து நான் பெருங்குடலில் பார்த்ததில்லை. இரைப்பையிலும் அப்படியே: நுரையையும் சளியையும் கழுவாமல் எந்த ஒளியைப் பாய்ச்சினாலும் நுரைதான் தெரியும். ஆகவே, பரிசோதனைக்கு முன் நுரை நீக்கும் மருந்து கொடுப்பீர்களா, உள்ளே எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள், ஒளியை மாற்றிப் படித்துப் பழக்கம் உண்டா, சந்தேகம் வந்தால் அன்றே திசு எடுப்பீர்களா என்று கேளுங்கள். எரிச்சல்படாமல் பதில் சொல்கிறவரிடம் அம்மாவை அழைத்துப் போங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது அம்மா சாப்பிட்டால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.